தன்னைத் தானே தின்னும் இதயம்: ஒரு வாட்ஸ்அப் படத்தின் பூர்வகதை

ஒரே படம் எனக்கு வருஷத்துக்கு மூன்று முறை வருகிறது. கண்ணாடி போட்டு, வெள்ளைத் தாடி வைத்த ஜப்பானியர் ஒருவர் அதில் சிரித்துக்கொண்டிருப்பார். மார்கழியில் வந்தால் "வைகுண்ட ஏகாதசி விரதத்துக்கு நோபல் பரிசு" என்று கீழே எழுதியிருக்கும். ரமலான் மாதத்தில் வந்தால் நோன்புக்கு நோபல் பரிசு. தவக்காலத்தில் வந்தால் ஒருசந்திக்கு. பழவேற்காட்டில் கோயிலும் உண்டு, பள்ளிவாசலும் உண்டு, மகிமை மாதா ஆலயமும் உண்டு. ஆகவே அந்த ஜப்பானியர் நம் ஊரில் எல்லாருக்கும் சொந்தக்காரர் ஆகிவிட்டார்.

சிரித்துவிட்டுப் போகலாம் என்றுதான் இருந்தேன். போன வருஷம் நடந்த ஒன்று அப்படி விடவில்லை. எங்கள் தெருவில் ஒருவர், என்னைவிட நான்கு வயது சின்னவர். பாடு முறை வருகிற நாளில் ஏரிக்குப் போகாமல் இருந்ததே இல்லை. நெஞ்சுவலி வந்து, ரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்து, மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தவர். சர்க்கரையும் உண்டு. அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு மூன்று நாள் வெறும் தண்ணீர். மாத்திரையையும் நிறுத்திவிட்டார். "உடம்பே அழுக்கைத் தின்னுடுமாம். நோபல் பரிசே குடுத்துட்டான் வாத்தியாரே, அப்புறம் இன்னா மாத்திரை?" என்று என்னிடமே கேட்டார். மூன்றாம் நாள் விடியற்காலை படகில் வலையைத் தூக்கும்போதே சரிந்து விழுந்தார். கூட இருந்த பையன்கள் துடுப்பையும் மோட்டாரையும் போட்டுக் கரை சேர்த்தார்கள். பிழைத்துக்கொண்டார். ஆனால் அவர் கேட்ட கேள்விக்கு அன்று நான் சரியாகப் பதில் சொல்லவில்லை என்பது உறுத்திக்கொண்டே இருந்தது. முப்பது வருஷம் உயிரியல் பாடம் நடத்தியவனுக்கு இது கொஞ்சம் வெட்கம்தான். அதன் பிறகு தேடிப் படித்ததை இங்கே எழுதுகிறேன்.

கதை ஜப்பானில் தொடங்கவில்லை. பெல்ஜியத்தில், லூவேன் நகரத்தில் தொடங்குகிறது. கிறிஸ்தியான் தெ துவ் என்ற விஞ்ஞானி அங்கே இன்சுலின் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தார். எலியின் கல்லீரலை அரைத்து அதில் ஒரு நொதியை அளந்தால், இருக்க வேண்டியதைவிட மிகக் குறைவாகவே அகப்பட்டது. மிச்சத்தைக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டு ஐந்து நாள் கழித்து அளந்தால் நொதி ஏறியிருந்தது. வேறு ஒருவராக இருந்தால் அளவையில் ஏதோ பிசகு என்று கொட்டிவிட்டிருப்பார். இவர் யோசித்தார். நொதி ஏதோ ஒரு சின்னப் பைக்குள் அடைபட்டிருக்க வேண்டும், பை கிழிந்ததால் வெளியே வந்திருக்கிறது. 1955-ல் அந்தப் பைக்கு லைசோசோம் என்று பெயர் வைத்தார். செல்லுக்குள் இருக்கும் அமிலத் தொட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். எதைப் போட்டாலும் கரைத்துவிடும்.

அந்தத் தொட்டிக்குள் செல் தன்னுடைய பாகங்களையே கட்டிக் கொண்டுபோய்ப் போடுகிறது என்பதும் மின்னணு நுண்ணோக்கியில் தெரிந்தது. 1963-ல் லண்டனில் நடந்த ஒரு கருத்தரங்கில் தெ துவ் அதற்கு ஆட்டோபேஜி என்று பெயரிட்டார். கிரேக்கச் சொல். தமிழில் சொன்னால் தன்னுண்ணல். பழுதான பாகத்தைச் சுற்றி ஒரு சவ்வு வளர்ந்து மூட்டையாக மூடிக்கொள்ளும். மூட்டை லைசோசோமோடு சேரும். உள்ளே இருப்பது கரைந்து, உதவக்கூடிய சத்து செல்லுக்கே திரும்பிவிடும். பழைய வலையைப் பிரித்து நல்ல நூலை எடுத்துப் புது வலை பின்னுகிற வேலைதான். 1974-ல் தெ துவ் நோபல் பரிசு பெற்றார், வேறு இருவருடன் சேர்ந்து.

பெயர் வைத்த பிறகு கால் நூற்றாண்டு அந்த விஷயம் ஏறக்குறைய கிடப்பிலேயே இருந்தது. 1988-ல் தோக்கியோ பல்கலைக்கழகத்தில் யோஷினோரி ஓசுமி தனக்கென ஒரு சிறிய ஆய்வகம் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 43. ரொட்டிக்குப் போடுகிற ஈஸ்ட் இருக்கிறதே, அதன் குப்பைத்தொட்டி உறுப்பை அவர் கவனித்தார். யாரும் போட்டிக்கு வராத இடம். ஈஸ்டைப் பட்டினி போட்டு, கரைக்கும் நொதி இல்லாத வகையாகவும் தேர்ந்தெடுத்து வைத்தார். சில மணி நேரத்தில் தொட்டி முழுக்க கரையாத மூட்டைகள் உருண்டன. பிறகு இந்த வேலையை நடத்தும் 15 மரபணுக்களை 1993-க்குள் இனம் கண்டார். 2016-ல் அவருக்குத் தனியாகவே நோபல் பரிசு கிடைத்தது. பரிசு கொடுத்தது இந்த இயந்திரத்தின் உறுப்புகளைக் கண்டுபிடித்ததற்காக. பட்டினி என்பது அங்கே ஆய்வுக்கருவி. யார் எத்தனை நாள் சாப்பிடாமல் இருக்க வேண்டும் என்று ஓசுமி அதில் எதையும் சொல்லவில்லை.

சரி, இதயத்துக்கு வருவோம்.

தோலில் கீறல் விழுந்தால் புதுச் செல் வளரும். இதயத் தசை அப்படியல்ல. 2009-ல் சுவீடன் ஆராய்ச்சியாளர்கள் இதை ஒரு விசித்திரமான வழியில் அளந்தார்கள். 1950-களிலும் 60-களின் தொடக்கத்திலும் வல்லரசுகள் திறந்த வெளியில் அணுகுண்டு வெடித்துச் சோதித்தது நினைவிருக்கும். அப்போது காற்றில் கூடிய ஒரு வகைக் கார்பன் உலகத்தில் எல்லார் உடம்புக்குள்ளும் போனது. அதைக் கொண்டு ஒரு செல் எந்த வருஷம் பிறந்தது என்று கணக்கிட்டார்கள். 25 வயதில் வருஷத்துக்கு நூற்றில் ஒரு இதயத் தசைச் செல்தான் புதிதாகிறது. 75 வயதில் அதிலும் பாதிக்குக் கீழே. அதாவது நம் நெஞ்சுக்குள் இருப்பதில் பெரும்பகுதி நாம் பிறந்தபோது வந்த அதே செல்கள். எழுபது வருஷம் ஒரே படகு. கரையேற்றிப் பழுது பார்க்க ஒரு நாள் விடுமுறை கிடையாது. ஓடிக்கொண்டே பலகை மாற்ற வேண்டும். அந்தப் பலகை மாற்றும் வேலை தன்னுண்ணல்.

ஜப்பானியரே 2004-ல் இன்னொன்று காட்டினார்கள். எலிக்குட்டி பிறந்ததும் தொப்புள்கொடி வழியாக வந்த சத்து நின்றுவிடுகிறது, தாய்ப்பால் இன்னும் கிடைக்கவில்லை. அந்தச் சில மணி நேரத்தில் குட்டியின் இதயத்தில் தன்னுண்ணல் விறுவிறுவென்று ஏறுகிறது. அந்த மரபணு இல்லாத குட்டிகள் ஒரு நாளுக்குள் செத்துப்போயின. ஆக, பசிக்கும் இதற்கும் தொடர்பு உண்டு என்பது பொய்யில்லை. வாட்ஸ்அப்காரர்கள் பிடித்துக்கொண்ட நூல் இதுதான். ஆனால் நூலின் இந்த முனையை மட்டும்தான் பிடித்தார்கள்.

மறுமுனையில் இருந்தது ஒரு கொலைக் குற்றச்சாட்டு.

1980-ல் அமெரிக்காவில் முயலின் இதயத்துக்கு ஆக்சிஜனை நிறுத்தி, பிறகு திரும்பக் கொடுத்துப் பார்த்தார்கள். செல்களுக்குள் தன்னுண்ணல் மூட்டைகள் பெருகியிருந்தன. 2003-ல் ஜெர்மனியில் பாத் நௌஹைம் என்ற ஊரில் உள்ள ஆய்வு நிலையத்தார், இதயம் செயலிழந்த நோயாளிகளின் இதயத் திசுவை நுண்ணோக்கியில் பார்த்தார்கள். செத்துக்கொண்டிருந்த செல்கள் சிலவற்றில் இதே மூட்டைகள் நிறைந்திருந்தன. செல் தன்னையே தின்று சாகிறது, இதுவும் ஒரு வகைச் சாவு என்று எழுதினார்கள். நோயால் பலவீனமான இதயத்தில் செல்கள் ஒவ்வொன்றாகக் குறைவதற்கு இது ஒரு காரணம் என்ற எண்ணம் பரவியது.

இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. நம் ஏரியில் மீன் செத்து மிதக்கிற இடத்தில் பருந்து வட்டமிடும். அதைப் பார்த்துவிட்டுப் பருந்துதான் கொன்றது என்று யாராவது சொல்வார்களா? செத்த செல்லுக்குள் மூட்டைகள் கிடந்தால் அவை கொன்றவையா, காப்பாற்ற வந்து தோற்றவையா? நுண்ணோக்கிப் படத்தில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். இன்னொரு வழியும் உண்டு. மூட்டை அதிகம் கட்டியதால் குவிந்திருக்கலாம், கட்டியதைக் கரைக்க முடியாததாலும் குவிந்திருக்கலாம்.

கரைக்க முடியாததால் குவிவதற்குச் சாட்சி ஏற்கெனவே இருந்தது. டேனன் நோய் என்று ஒன்று, 1981-ல் இரண்டு பையன்களிடம் முதலில் விவரிக்கப்பட்டது. இதயம் தடித்து, தசை நலிந்து, இளம் வயதிலேயே இதயம் செயலிழக்கும். 2000-ல் காரணம் தெரிந்தது. லைசோசோமின் சுவரில் இருக்க வேண்டிய ஒரு புரதம் அவர்களுக்கு இல்லை. மூட்டை கட்டுவது நடக்கிறது, கரைப்பது நடக்கவில்லை. செல் குப்பையிலேயே மூழ்குகிறது.

இரண்டாவது சாட்சி நம் தலைமுறைக்கு நன்றாகத் தெரிந்த ஆள். குளோரோகுயின். மலேரியா ஒழிப்புத் திட்டம் 1958-ல் வந்த பிறகு, மருந்தடிக்கிறவர் வீட்டுச் சுவரில் தேதி எழுதிவிட்டுப் போவார், காய்ச்சல் என்றால் ரத்தம் தொட்டுக் கண்ணாடிச் சில்லில் தேய்த்துக்கொண்டு மாத்திரை கொடுப்பார். நாக்கில் பட்டால் நாள் முழுக்கக் கசக்கும் அந்த மாத்திரைதான். அது லைசோசோமின் அமிலத்தைக் குறைத்துவிடும், அதனால் மூட்டை கரையாது. காய்ச்சலுக்குச் சில நாள் சாப்பிட்டவர்களுக்கு இதனால் ஒன்றும் வந்துவிடாது. மூட்டு நோய்க்காகவும் லூபஸ் நோய்க்காகவும் இதையோ இதன் தம்பியான ஹைட்ராக்சிகுளோரோகுயினையோ பல வருஷம் சாப்பிட்டவர்களில் மிகச் சிலருக்கு மட்டும் இதயத் தசை கெட்டது. அங்கேயும் செல்லுக்குள் கரையாத மூட்டைகள். (மூட்டுவலிக்கு இதைச் சாப்பிடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். மிக அரிது என்று சொன்னேன். மருத்துவரைக் கேளுங்கள்.)

2007-ல்தான் வழக்கு சூடு பிடித்தது. ஒரே வருஷத்தில் மூன்று ஆய்வகங்கள், மூன்று தீர்ப்பு.

ஜப்பானில் ஒசாகாவில் வளர்ந்த எலியின் இதயத்தில் மட்டும் தன்னுண்ணலை நிறுத்தினார்கள். இதயம் விரிந்து, பலமிழந்து போனது. ஆகவே தன்னுண்ணல் நண்பன். அமெரிக்காவில் டாலஸில் எலியின் பெருந்தமனியை இறுக்கி, இதயத்துக்குக் கடுமையான ரத்தக்கொதிப்பு மாதிரியான பாரத்தைக் கொடுத்தார்கள். அங்கே தன்னுண்ணல் குறைந்த எலிகளின் இதயம் குறைவாகக் கெட்டது, கூடிய எலிகளின் இதயம் அதிகம் கெட்டது. ஆகவே எதிரி. நியூஜெர்சியில் ஜுனிச்சி சடோஷிமாவின் குழு சொன்னதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. இரண்டுமே உண்மை, நேரத்தைப் பொறுத்தது என்றார்கள்.

அதை நம் ஊர் ஆட்களுக்குச் சொல்வது சுலபம். முகத்துவாரம் மண் மூடினால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். கடல் தண்ணீர் வராது, ஏரி தேங்கும், உப்பு ஏறும், இறால் குறையும். வீட்டில் கையிருப்பை வைத்து, பழைய பாத்திரத்தை விற்று ஓட்டுவோம். மாரடைப்பில் ரத்தக் குழாய் அடைபட்டதும் இதயச் செல் செய்வதும் அதுதான். தன் கையிருப்பைப் பிரித்துத் தின்று தாக்குப் பிடிக்கிறது. அந்த நேரத்துத் தன்னுண்ணல் காப்பாற்றுகிறது. பிறகு மண்ணை வெட்டி முகத்துவாரத்தைத் திறக்கிறோம். முதலில் பாய்கிற தண்ணீர் ஓட்டத்தில் படகு கவிழ்ந்தவர்கள் உண்டு. அடைப்பு திறந்து ரத்தம் திரும்பப் பாயும்போதும் அப்படி ஒரு குழப்பம் உண்டாகிறது. அப்போது வேறொரு புரதத்தின் தூண்டுதலால் தன்னுண்ணல் மேலும் ஏறுகிறது. அந்தப் புரதம் பாதி அளவே உள்ள எலிகளில் செத்த தசையின் பரப்பு குறைவாக இருந்தது. அடைத்தபோது காப்பாற்றிய அதே வேலை, திறந்தபோது கேடு செய்தது.

ஏன் கேடு செய்கிறது என்பதற்கு நல்ல விளக்கம் 2020-ல் வந்தது, அதே சடோஷிமா குழுவிடமிருந்து. ரத்தம் திரும்பிச் சில மணி நேரம் கழித்து ரூபிகான் என்ற புரதம் செல்லில் கூடுகிறது. அது மூட்டை கரைவதைத் தடுக்கிறது. மூட்டை கட்டுவதோ நிற்கவில்லை. ஏலம் முடிந்த மீனை ஏற்றிப் போக வண்டி வரவில்லை, ஆனால் கூடை கூடையாகக் கட்டிக்கொண்டே இருக்கிறார்கள். சாக்கு தீர்ந்ததும் வீட்டுக் கூரையைப் பிரித்துச் சாக்கு தைக்கிறார்கள் என்று கற்பனை செய்யுங்கள். செல் தன்னுடைய சவ்வுகளையெல்லாம் மூட்டை கட்டவே செலவழித்துவிட்டு உடைகிறது. இந்த வகைச் சாவுக்கு 2013-லேயே பெத் லெவின் என்ற அம்மையாரின் குழு ஆட்டோசிஸ் என்று பெயர் வைத்திருந்தது. ஆக, நுண்ணோக்கியில் பார்த்துக் குற்றம் சாட்டியவர்களும் முழுக்கத் தவறில்லை, பருந்து என்று வாதாடியவர்களும் தவறில்லை.

இதைப் படித்துவிட்டு, அடைப்பைத் திறப்பது ஆபத்து என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. திறக்காவிட்டால் அந்தப் பகுதி மொத்தமாகச் சாகும். திறப்பதில் வருகிற சேதம் அதன் முன்னால் சின்னது. இந்தியாவின் முதல் இதய பைபாஸ் அறுவை 1975-ல் நமக்கு எட்டுகிற தூரத்தில், பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில், டாக்டர் கே.எம். செரியன் செய்தார். அந்த நாளில் லைட்ஹவுஸ் குப்பத்திலோ கூனங்குப்பத்திலோ ஒருவருக்கு நெஞ்சுவலி என்றால் பெரம்பூர் என்பது வேறு கிரகம். படகில் இக்கரை வந்து, பொன்னேரி போவதற்குள் முடிந்துவிடும். "வாயுப் பிடிப்பு" என்று ஓமத் தண்ணீர் கொடுத்துப் படுக்க வைத்த எத்தனை பேர் திரும்ப எழவில்லை என்று நம் வயதுக்காரர்களுக்குத் தெரியும்.

இப்போது அப்படியில்லை. கிராமத்து ஆஸ்பத்திரியில் ஈ.சி.ஜி. எடுத்து, அடைப்பு என்று தெரிந்ததும் பெரிய மருத்துவமனையோடு இணைத்து, வேண்டியவர்களை ஆம்புலன்ஸில் அனுப்பும் ஏற்பாட்டைத் தமிழ்நாட்டில் நான்கு இடங்களில் சோதித்து, 2017-ல் முடிவு வெளியிட்டார்கள். 2,420 நோயாளிகள். ஒரு வருஷத்துக்குள் இறந்தவர்கள் முன்பு நூற்றுக்கு 17.6, ஏற்பாட்டுக்குப் பின் 14.2. அந்த ஈ.சி.ஜி. கருவியைப் படைத்த ஐந்தோவன் ஒல்லாந்தர் என்பது ஒரு வேடிக்கை. இங்கே கெல்டிரியா கோட்டையையும் கல்லறைகளையும் விட்டுப் போன அதே ஒல்லாந்து தேசம்.

கடைசியாக நம் பக்கத்துக் கதை. மதுரை காமராஜர் பல்கலைக்கழகத்தில் தண்டபாணி என்ற ஆய்வாளர் இதயத் தசை நோயாளிகளின் மரபணுவைப் பார்த்தார். ஐதராபாத் ஆய்வகத்தின் தங்கராஜும் வெளிநாட்டு விஞ்ஞானிகளும் சேர்ந்தார்கள். இதயத் தசைப் புரதம் ஒன்றின் மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டிருந்தன. நூற்றுக்கும் மேற்பட்ட சமூகங்களில் தேடினார்கள். 2009-ல் வெளியிட்டபோது உலகமே திரும்பிப் பார்த்தது. நம் துணைக்கண்டத்தில் நூற்றில் 4 பேர் இந்தக் குறையைச் சுமக்கிறார்கள். அவர்களுக்கு இதயத் தசை நோய் வரும் வாய்ப்பு சுமார் 7 மடங்கு என்றது அந்த ஆய்வு.

இளமையில் பெரும்பாலும் ஒன்றும் தெரிவதில்லை, நடு வயதுக்கு மேல்தான் இதயம் தளர்கிறது. ஏன்? அவர்கள் சொன்ன விளக்கம் இந்தக் கட்டுரைக்கு நேராக வருகிறது. கோணலான புரதத்தை இளம் செல் உடனுக்குடன் உடைத்து அகற்றிவிடுகிறது. வயதாக ஆக அந்த வேலை மந்தமாகிறது, கோணல் புரதம் சேர்கிறது, தசை கெடுகிறது. செல்லில் புரதத்தை ஒவ்வொன்றாக வெட்டிப் போடும் இயந்திரம் ஒன்று உண்டு, மூட்டை கட்டிக் கரைக்கும் தன்னுண்ணல் ஒன்று உண்டு. இதே மரபணுவைக் கெடுத்த எலிகளில் பிற்பாடு பார்த்தபோது தன்னுண்ணல் பழுதாகியிருந்தது, அதைத் தூண்டியபோது நோய் குறைந்தது. எலியில்தான். சுமக்கிறவர்கள் பலர் நோயே இல்லாமல் வாழ்கிறார்கள், இன்னொரு கோளாறும் சேர்ந்திருப்பவர்களுக்கே ஆபத்து கூடுதல் என்பதுபோலப் பின்னால் வந்த ஆய்வுகள் பயத்தைக் கொஞ்சம் குறைத்திருக்கின்றன.

இவ்வளவையும் எங்கள் தெருக்காரரிடம் சொன்னேன். திண்ணையில் ஒரு மணி நேரம் ஆனது. முகத்துவாரம் வந்தபோது தலையாட்டினார். ரூபிகான் வந்தபோது கொட்டாவி விட்டார். கடைசியில், "அப்போ என் நெஞ்சுக்குள்ள அது இப்போ நல்லது பண்ணுதா, கெட்டது பண்ணுதா?" என்றார். ஸ்டென்ட் வைத்த மனிதனின் இதயத்துக்குள் அதை அளந்து சொல்ல மருத்துவமனைகளில் கருவி கிடையாது, எலியைப் போல உங்களை அறுத்துப் பார்க்க முடியாது, ஸ்டென்டுக்குள் ரத்தம் உறையாமல் காப்பது அந்த மாத்திரைதான், அந்த வேலையைப் பட்டினி செய்யாது என்றேன். சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர் விரதம் இருக்க விரும்பினால் முன்கூட்டியே மருத்துவரிடம் போய் மாத்திரையின் நேரத்தையும் அளவையும் மாற்றிக்கொள்ள வேண்டும் என்றும் சொன்னேன். "இத முன்னாலயே சொல்லியிருக்கலாம் இல்ல வாத்தியாரே" என்றார்.

இப்போது மாத்திரை டப்பாவைப் படகிலேயே, மழைக்கு நனையாமல் பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்திருக்கிறார். போன வாரம் மறுபடி அந்த ஜப்பானியர் படம் எனக்கு வந்தது. அனுப்பியது அவரேதான். கீழே ஒரு வரி சேர்த்திருந்தார்: "இத நம்பாதீங்க, வாத்தியாரைக் கேளுங்க." அன்றைக்கு மட்டும் எனக்குப் பதினோரு போன்.